மழலையை மொழிபெயர்க்க என்ன பயிற்சி வேண்டும்?

"பொம்மையைப் பெட்டிக்குள்ள போடு" என்கிறார் மொழிபெயர்ப்பாளர். இரண்டு வயதுக் குழந்தை சட்டென்று போட்டுவிடுகிறது. அம்மாவுக்குப் பூரிப்பு. ஆனால் சொல்லும்போதே மொழிபெயர்ப்பாளரின் பார்வை பெட்டிப் பக்கம் போயிருந்தால்? சொல் புரிந்து போட்டதா, கண்ணைப் பார்த்துப் போட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ் தெரியாத பேச்சுப் பயிற்சியாளர் 'புரிகிறது' என்று குறித்துக்கொள்வார். கிடைத்திருக்க வேண்டிய உதவி அந்தக் குழந்தைக்குக் கைநழுவிப் போகும்.

அமெரிக்காவில், பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து உதவும் ஆரம்பகால இடையீட்டுச் சேவைக்கு 1986-ல் கூட்டாட்சிச் சட்டம் வழிவகுத்தது. ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சேவைத் திட்டம் வகுக்க வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. குழந்தையின் வளர்ச்சிநிலைக்கு ஏற்றது என்று வல்லுநர்கள் கருதினால், அறவே இயலாத சூழல் தவிர, அது தாய்மொழியில்தான் நடக்க வேண்டும்.

அந்தத் தாய்மொழியைக் கொண்டுசேர்ப்பவருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. மாநிலங்கள் தத்தம் வழியில் விதி வகுத்துக்கொள்கின்றன.

இதற்கு நெருக்கமான அளவுகோல், மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியச் சான்றிதழ். 18 வயது, பள்ளிப் படிப்பு, இரு மொழியிலும் தேர்ச்சி, குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி ஆகியவை அதற்கான தகுதிகள். ஸ்பானிஷ், மாண்டரின் போன்ற சில மொழிகளுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு, தமிழுக்கு இல்லை. அந்த 40 மணி நேரத்தில் கற்பவை தேவையானவைதான்: ரகசியம் காப்பது, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, மருத்துவச் சொற்கள். ஆனால் மருத்துவரும் நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை மனதில் வைத்து வகுத்த பாடம் அது. ஆரம்பகால இடையீட்டில் வேலை பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில், தரையில், ஓடி விளையாடும் குழந்தையின் பின்னால்.

அங்கே முதல் சிக்கல், அன்பு. குழந்தை 'தண்ணி' என்பதை 'அன்னி' என்றால், நாம் புரிந்துகொண்டு 'தண்ணீர் கேட்கிறது' என்றுதான் சொல்வோம். பேச்சுப் பயிற்சியாளருக்கோ எந்த ஒலி விடுபட்டது என்பது தெரிய வேண்டும். எனவே குழந்தை உச்சரித்த ஒலியை அப்படியே சொல்லிவிட்டு, அதன் பொருளைத் தனியாகச் சொல்லப் பழக வேண்டும். ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய தேர்வை மொழிபெயர்த்துக் கேட்டால், அதன் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தியதையும், மாற்றிக் கேட்டவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

அடுத்தது பெற்றோர். "இவங்க தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினாராம்" என்று ஓர் அம்மா சொல்கிறார். "அதெல்லாம் சரியாயிடும்மா" என்று ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும். சொல்லக் கூடாது. குடும்பத்தில் தாமதமாகப் பேசியவர்கள் இருந்தார்களா என்பது மதிப்பீட்டுக்குப் பயன்படும் தகவல். அது முழுதாக நிபுணரிடம் போக வேண்டும். 'ஆட்டிசம்' என்ற சொல்லை ஒரு குடும்பம் முதன்முறை கேட்கும் நாளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடினம். பூசி மெழுகினால் அந்த வீட்டுக்கு உதவி கிடைப்பது மாதக்கணக்கில் தாமதமாகலாம். இதற்கெல்லாம் வளர்ச்சிப் படிநிலைகள் பற்றிய அடிப்படை அறிவும், உடனிருந்து பார்த்துப் பழகும் வாய்ப்பும் வேண்டும். 40 மணி நேரத்துக்கு மேல் இதற்கென்றே தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்குவதே முறை என்பேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் பயிற்சி போதாது; அவரோடு பணியாற்றும் நிபுணருக்கும் வேண்டும். பேச்சுச் சிகிச்சைத் துறை அறிஞர் ஹென்ரியெட் லாங்டன் பரவலாக்கிய நடைமுறையில் மூன்று கட்டங்கள் உண்டு: முன்கூட்டிப் பேசிக்கொள்வது, சந்திப்பு, முடிந்ததும் மீண்டும் பேசிக்கொள்வது. பார்வையால்கூடத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் முதல் கட்டம். அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

சேவைத் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும். மொழிபெயர்ப்பாளர் எங்கே பயின்றார், குழந்தைகளின் மதிப்பீட்டில் இருந்திருக்கிறாரா, ஒவ்வொரு முறையும் அவரே வருவாரா என்று பெற்றோர் அப்போது தாராளமாகக் கேட்கலாம். வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளையை மொழிபெயர்க்கச் சொன்னால் மறுத்துவிடலாம்.