கவசத்தின் சுமை

2019 நவம்பர் 26 அன்று உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம், அடுத்த ஆண்டே கொரோனாப் பெருந்தொற்றை எதிர்கொண்டது. தமிழகத்தின் பிற மாவட்டங்களைப் போலவே இங்கும் மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் கோடை வெப்பத்தில் முழுவுடல் கவசம் அணிந்து பணியாற்றினர். கிருமியை உள்ளே விடாத அக்கவசம், உடலின் வெப்பத்தையும் வெளியே விடுவதில்லை.

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் ஆகும். உழைப்பால் அது உயரும்போது வியர்வை சுரக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றுப் புகாத கவசத்தினுள் ஈரப்பதம் நிறைந்துவிடுவதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. நீரும் உப்பும் வீணே இழக்கப்படுகின்றன; குருதியின் அளவு குறைய, இதயம் விரைந்து துடிக்கிறது; தலைவலியும் மயக்கமும் தோன்றுகின்றன. உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். தாகம் எடுத்தாலும், கவசத்தைக் களையாமல் நீர் அருந்த இயலாது.

2014 ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, மருத்துவக் குழுவினர் ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே கவசத்துடன் பணிபுரிந்தனர். ஆகவே, கவசத்துடன் குடிநீர், ஓய்வு, குறுகிய பணிநேரம் ஆகியவற்றையும் அளிப்பது பணியமர்த்துவோரின் கடமையாகும்.