அஞ்சும் பிள்ளையும் அதன் மூளையும்

வான் இருண்டு இடி முழங்கியவுடன் எழுதுவதை விட்டு மேசையின் கீழ்ப் புகுந்த சிறுவரை, 2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னியிற் கற்பித்தோர் பலர் கண்டிருப்பர். நாமும் கண்டோம். கண்டதோடு அமையாது, “எழும்படா, என்ன பயம்?” என அதட்டியும் இருக்கின்றோம். அவ்வதட்டல் பயனற்றதென்பதையும் அதன் காரணத்தையும் காலந்தாழ்த்தியே கற்றோம். இன்று ஆசிரியராயும் பெற்றோராயும் விளங்கும் பழைய மாணவர்க்கு அதனைக் கூறுதல் எமது கடன்.

மூளையின் ஆழத்தே, இருபுறத்தும், பாதாம் பருப்பின் வடிவினதாய் அமிக்டலா என்னும் பகுதி உண்டு. ஆபத்தென ஐயுற்ற கணமே அது நெஞ்சைப் படபடக்கச் செய்யும், மூச்சை விரைவிக்கும், கால்களை ஓட்டத்திற்கு ஆயத்தமாக்கும். “இது ஷெல் அன்று, இடி” எனச் சீர்தூக்கிச் சொல்லவேண்டியது நெற்றியின் பின்னுள்ள முன்மூளை. அஃதோ இருபது வயது கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது; அச்சம் மிகுந்தபோது அதன் குரல் எடுபடாது. நடுங்கும் பிள்ளைக்கு நியாயம் உரைத்தல் ஏறாதது இதனாலேயே. முதலில் உடல் தணியவேண்டும்.

அதற்கு வழி மூச்சில் உளது. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இருதயத்திற்கு இறங்கும் வேகஸ் நரம்பு நாடித்துடிப்பைத் தணிக்கும். மூன்று எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுதல் போதும். பிள்ளையை ஏவிவிட்டு நில்லாது, அருகிருந்து நாமும் உடன் செய்யவேண்டும். சைவப் பிள்ளைக்குப் பிரணவமும், கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலையும் இத்தணிவுக்கு உதவும் என எடுத்துக்காட்டியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள். எம் பாட்டிமார் இதனை நரம்பின் பெயர் அறியாமலே செய்தனர்!

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. போரால் தாக்குண்ட மாகாணங்களின் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடையே ஜேர்மனிய உளவியலாளர் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, உற்றாரின் மரணம் போன்ற கொடுமைகளுக்கு ஆளாகியிருந்தனர். நூற்றுக்கு 25 பேர் மனவடு நோயுற்றிருந்தனர். ஆயினும் தேறுதற்கும் சான்றுண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கு முகாம்களிலே 31 பிள்ளைகளை இரு கூறாக்கினர். ஒரு கூறார் தம் வாழ்க்கைக் கதையை முறையே சொல்லினர். மறு கூறார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பயின்றனர். ஆறே அமர்வுகள். ஆறு திங்களின் பின் முன்னவருள் நூற்றுக்கு 81 பேரும், பின்னவருள் 71 பேரும் தேறியிருந்தனர். சிறு தொகையினரே எனினும், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரே இதனைச் செய்தனர் என்பது எமக்கு ஊக்கந் தருவது.

இன்றைய மாணவர் போரின் பின் பிறந்தவர். புலமைப்பரிசில் பரீட்சையன்று அவர்தம் வயிறு கலங்குவதும் அதே அமிக்டலாவின் வேலைதான். மேலும், உலங்குவானூர்தி ஒலிக்குத் திடுக்கிடும் தாயின் முகத்தைப் பார்த்தே மடியிலுள்ள குழந்தை அஞ்சப் பழகுகின்றது. ஆதலின் முதல் நீள்மூச்சு பெரியவருடையதாதல் வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் பேச்சும் குன்றிய பிள்ளைக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி போதாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் தாமதியாது அழைத்துச் செல்க.