பாங்கு சொன்ன காது

பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்கிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரு மாணவனின் உம்மா சொன்னது இது: "ரெண்டு வயசாகியும் புள்ள கதைக்கல்ல சேர். டொக்டரிட்ட காட்டினோம். ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் கதைக்கும், அஞ்சு வயசு மட்டும் பாருங்கன்னு சொல்லிட்டார்." பார்த்தார்கள். நாலரை வயதில்தான் இரு காதிலும் கேள்விக் குறைபாடு என்று தெரிந்தது.

அந்த வைத்தியர் கெட்டவரல்லர். தாம் படித்த காலத்தில் கேட்டதையே திருப்பிச் சொல்லியிருப்பார். சிக்கலே அங்கேதான்.

1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். நலமான காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை. மிக மெல்லிய ஒலியொன்றைத் திருப்பியும் அனுப்புகிறது. உட்காதின் நத்தைச்சுருளிலுள்ள மயிர்க்கலங்களின் வேலை அது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையொன்றை வைத்து, 'டிக் டிக்' என்று ஒலிக்கச் செய்து, எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பிள்ளை வாய் திறக்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் இன்று பல நாடுகள் பின்பற்றும் கணக்கு. மூளை மொழியைப் பிடிக்கும் பருவம் யாருக்காகவும் காத்து நிற்காது. கொக்லியர் இம்ப்ளான்ட் எனும் உள்வைப்புக் கருவியும் அப்படித்தான். அமெரிக்கா 1990இல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை அனுமதித்தது. 2000இல் அந்த வயது 12 மாதமாகக் குறைந்தது. 1985இல் பட்டம் பெற்ற ஒருவர் இதில் பெரும்பகுதியைப் பட்டத்துக்குப் பிறகுதான் படித்திருக்க முடியும்.

இது நமக்குப் புதிய எண்ணமுமல்ல. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் வைத்தியர் ஒருவரின் தவறால் நோயாளி இறந்தபோது, கலீபா அல்முக்ததிர் வைத்தியர்களைப் பரீட்சிக்கும் பொறுப்பை ஸினான் இப்னு தாபித்திடம் ஒப்படைத்தார். 860க்கு மேற்பட்டோர் பரீட்சைக்கு வந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்கள் மாணவர்களல்லர், ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள். பெரும் பெயர் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. (பெரும் பெயருக்கு விலக்குக் கொடுக்கும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்!)

பிரித்தானியாவில் 2012 முதல் வைத்தியர்கள் ஐந்தாண்டுக்கொருமுறை தம் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் ஐந்தாண்டில் 30 மணிநேரக் கல்வியைக் கேட்டன. இங்கே, 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கம் தொடர் கல்விக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதைப் பெறுவது அவரவர் விருப்பம். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, மாலையில் சனலிங் என்று ஓடுபவருக்கு விருப்பம் இருந்தாலும் நேரம் எங்கே?

நிபுணர்களின் கல்வி விரிவுரையோடு முடிவதில்லை. காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்பை, நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி சிறு துளைகருவியால் குடைந்து பழக வேண்டும். முகத்தசையை இயக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. கை ஒரு மில்லிமீற்றர் பிசகினால் நோயாளியின் வாய் கோணிவிடலாம். உயிரியல் பாடத்தில் நாம் படித்த ஏந்தியுரு மூன்று மில்லிமீற்றர் அளவுதான். உயிருள்ளவரில் கைவைக்குமுன் இறந்தவரின் எலும்பில் பழகுகிறார்கள். புதிய கருவி, புதிய முறை வரும்போதெல்லாம் மூத்த சத்திரசிகிச்சை நிபுணரும் அந்த மேசைக்குத் திரும்பத்தான் வேண்டும்.

ஆனால் என் கவலை நிபுணரைவிட வெள்ளவத்தை ஒழுங்கையிலிருக்கும் குடும்ப வைத்தியரைப் பற்றியது. காலையில் எழும்பும்போது ஒரு காது திடீரென்று அடைத்துவிட்டால் முதலில் அவரிடம்தானே போகிறோம்? குடுமி அல்லது சளி என்று துளிமருந்தோடு அனுப்பினால், உட்காது நரம்புப் பாதிப்பாக இருந்தால், ஸ்டெரொய்ட் கொடுக்க வேண்டிய முதல் இரண்டு வாரம் வீணாகிவிடும். இரண்டையும் பிரித்தறிய முதற்கட்டத்தில் விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. காதுக்குள் எட்டிப் பார்த்து, நூறாண்டுக்கு மேல் பழைமையான இசைக்கவையைத் தட்டி வைத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அமெரிக்க நிபுணர்கள் 2012இல் வெளியிட்டு 2019இல் திருத்திய வழிகாட்டியும் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

அந்த மாணவன் இப்போது கருவி அணிந்து முன்வாங்கில் இருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். சொல்வதெழுதலில் மட்டும் 'ஸலாம்' என்றால் 'லாம்' என்று எழுதுகிறான். ஸகரம் உயர்சுருதி ஒலி. அவன் காதுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.