ஓசோன் பேச்சுவார்த்தைக்கும் நம்ம ஊர் துவரைக்கும் என்ன சம்பந்தம்?

'வெளிநாட்டுப் பருப்புக்குப் புகைமூட்ட மருந்து போடுவது பற்றி இந்தியாவும் கனடாவும் பல வருடம் பேசியதாகப் படித்தேன். அது ஓசோனைக் கெடுக்கும் மருந்தாமே? தடை செய்த மருந்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? மானாவாரியில் துவரை போடும் எங்களுக்கு இதனால் லாபமா, நஷ்டமா?' என்று தர்மபுரி மாவட்டம், கடத்தூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த மருந்தின் பெயர் மெத்தில் புரோமைடு. நிறம் கிடையாது, வாசனையும் தெரியாது. மண்ணுக்குள் செலுத்தினால் நூற்புழு, பூஞ்சணம், களை விதை எல்லாம் அழியும். தானியக் குடோனிலும் கப்பலிலும் அடித்தால் வண்டு சாகும். ஆனால், வேலை முடிந்ததும் காற்றில் கலந்து மேலே போகும் இந்த வாயுவில் உள்ள புரோமின், சூரியனின் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்துவிடும்.

ஓசோனைக் காக்க 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் கோபன்ஹேகனில் கூடிய நாடுகள் இந்த மருந்தையும் பட்டியலில் சேர்த்தன. இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும், நம்மைப் போன்ற நாடுகள் 2015-க்குள்ளும் நிறுத்த வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது.

தடையில் இரண்டு விதிவிலக்கு

முதலாவது, 'இந்தப் பயிருக்கு வேறு வழியே இல்லை' என்று நிரூபிக்கும் நாட்டுக்கு. ஸ்ட்ராபெர்ரி, தக்காளி வயல்களைக் காட்டி அமெரிக்கா பெரிய அளவு கேட்டது. 2003 நவம்பரில் நைரோபியில் நடந்த கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. 2004 மார்ச்சில் மாண்ட்ரியலில் சிறப்புக் கூட்டம் போட்டு, 1991-ல் பயன்படுத்தியதில் சுமார் 35 சதவிகிதத்தை 2005-ம் ஆண்டுக்கு அமெரிக்காவுக்கு அனுமதித்தார்கள். பிறகு அந்த அளவு படிப்படியாகக் குறைந்தது.

இரண்டாவது, ஒரு நாட்டின் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுக்க, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு அடிப்பது. இதற்கு உச்சவரம்பும் இல்லை, கெடுவும் இல்லை. வாசகர் கேட்ட விஷயம் இதில்தான் வருகிறது.

கனடா பட்டாணி

இந்தியாவின் 2003-ம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, பருப்பு வகைகளை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே மெத்தில் புரோமைடு அடித்து, சான்றிதழோடு அனுப்ப வேண்டியிருந்தது. 'எங்கள் குளிரில் இந்த வாயு சரியாக வேலை செய்யாது. அந்தக் குளிரே பூச்சியைக் கொன்றுவிடும். இந்த மருந்தையும் நாங்கள் குறைத்து வருகிறோம்' என்றது கனடா. இந்தியாவும் விதியைத் தளர்த்தி, 'இங்கே துறைமுகத்தில் வந்த பிறகு அடிக்கலாம்' என்று திரும்பத் திரும்ப அவகாசம் கொடுத்து வந்தது.

2017-ல் 'இனி நீட்டிப்பு இல்லை' என்ற பேச்சு எழுந்தது. 2018 பிப்ரவரியில் கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ டெல்லி வந்தபோது, அந்த ஆண்டுக்குள் ஓர் ஏற்பாட்டுக்கு வருவோம் என்று இரு நாடுகளும் கூட்டறிக்கை விட்டன.

விலையைத் தீர்மானித்தது எது?

2016-17-ல் நாட்டில் பருப்பு விளைச்சல் சுமார் 2.3 கோடி டன். துவரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். சந்தையில் அதற்கும் கீழே போனது. 2017 நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவிகிதம், டிசம்பரில் கொண்டைக்கடலைக்கும் மசூருக்கும் 30 சதவிகிதம் இறக்குமதி வரி விதித்தது அரசு. பட்டாணி வரத்து சரிந்தது இதனால்தான். பருப்பு விலை ஏறிய நேரத்தில், 2023 டிசம்பரில், பட்டாணிக்கு வரி நீக்கப்பட்டது.

ஆக, வாசகருக்கான பதில் இது: புகைமூட்ட விதி வெளிநாட்டுப் பூச்சியிலிருந்து நம் வயலைக் காக்கும். நம் துவரையின் விலையைக் காக்காது. விலைக்கு வரியும் இறக்குமதி அளவும்தான் முக்கியம். ஆடிப்பட்டத்தில் துவரை விதைக்கும் முன் ஆதரவு விலையோடு இறக்குமதி வரி நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் வயலுக்கு என்ன வழி?

இந்தியாவில் மெத்தில் புரோமைடை அரசு அமைப்புகளும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே, நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. அது செய்யும் வேலைக்கு நம்மிடம் மாற்று இருக்கிறது.

* தக்காளி, மிளகாய் நாற்றங்கால்: சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் நூற்புழுவும் களை விதையும் பெருமளவு குறையும்.

* நூற்புழு உள்ள வயல்: ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. 1 கிலோ சூடோமோனாஸைத் தொழுவுரத்தில் கலந்து போடலாம். செண்டுமல்லியைப் பயிர் சுழற்சியில் சேருங்கள்.

* துவரை சேமிப்பு: பயறு வண்டு வயலிலேயே காய்மீது முட்டையிட்டுவிடும். அதனால் அறுவடை ஆனதும் நன்றாகக் காயவைத்து, விதைக்கு வைப்பதைச் செம்மண் கட்டி வையுங்கள். சாப்பாட்டுக்கு வைப்பதைப் பருப்பாக உடைத்துவிட்டால் வண்டுத் தொல்லை குறையும்.

* வீட்டில் வைத்திருக்கும் மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால், பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.