"ஊருக்குள்ளயா, காலனியாங்க?"

சேவூர், அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும், ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி இது. சாதியை நேராகக் கேட்பது அநாகரிகம் என்பது கேட்பவருக்கும் தெரியும்.

பட்டியல் சாதியினர் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை அகற்ற அரசாணை வந்தது. அதே மாதம் 9ஆம் தேதி, கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. 'நாயுடு' சாதிப் பெயர் இல்லையா என்றார்கள் சிலர். ஜி.டி. என்று மட்டும் போட்டால் யாரென்று தெரியுமா என்றார்கள் மற்றவர்கள்.

சொல்லைத் திருத்துவது கருத்துரிமையைப் பறிப்பதா என்ற சண்டை அமெரிக்காவில் 1990கள் முதல் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' என்ற பெயரில் நடக்கிறது. நமக்கு இது அதைவிடப் பழையது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. பலர் தங்கள் பெயரிலிருந்து தாங்களே அதை எடுத்தார்கள். பட்டம், ஒருவர் பெருமையாகச் சூடிக்கொண்டது. 'காலனி'யோ அடுத்தவர் ஒட்டியது. அங்கே குடியிருப்பவரை யாரும் கேட்டு ஒட்டவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால்தான் விவாதம் மேம்பாலத்திலேயே நின்றுபோனது. காலனி என்ற சொல் போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பள்ளியில் முகவரி சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் இதே அவிநாசி வட்டத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது சொல்லால் தீராதது. 2018 ஜூலையில், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது, அவரை இடமாற்றியது. எதிர்ப்புக் கிளம்பியபின்தான் அந்த உத்தரவு ரத்தானது. சேவூர் போலீசில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில்தான் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது. ஏழு வருடம் அந்த அம்மா காத்திருந்தார். மேம்பாலப் பெயருக்குக் கிடைத்த தொலைக்காட்சி நேரத்தில் கால்வாசி அவருக்குக் கிடைத்திருக்குமா?

பெயரை மாற்றுவதால் பேச்சு அடங்கிவிடுகிறது என்று சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. பேச்சு அடங்குவதில்லை, சுலபமான இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. 'காலனி' போய் 'அம்பேத்கர் நகர்' வந்த ஊர்களில் அந்தப் பெயரை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

பெயர் மாற்றத்தைக் கிராம சபையில் வைக்கும்போது, அதே கூட்டத்தில் சுடுகாட்டுப் பாதையையும் குடிநீர்த் தொட்டியையும் சத்துணவுக்கூடத்தில் யார் சமைக்கிறார்கள் என்பதையும் கேட்கலாம். கேட்பவர் எந்தத் தெருக்காரராகவும் இருக்கலாம். ஊருக்குள் இருப்பவர் எழுந்து கேட்டால் இன்னும் நல்லது.