உங்களுக்குத் தெரியுமா? பஞ்சம் கடல் கடந்த கதை
கொடைக்கானல் மலையடிவாரத்து ஊரான வத்தலக்குண்டு அந்தப் பஞ்சக் காலத்தில் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1876–78இல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து ஏராளமானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. ஆனால் ஊரைவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். பஞ்சத்தின் நடுவிலும் தானியம் ஏற்றுமதியானது. நிவாரண வேலைக் கூலியின் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் சுருக்கினார். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தந்த முன்பணமே வழிச்செலவு. தோட்டத்தில் அதுவே கடனாக நின்றது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இத்தகையோரின் வழிவந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் வத்தலக்குண்டுக்கு மேலே, கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூலிகளாயினர். அங்கும் முன்பணக் கடன் பலரைக் கொத்தடிமையாக்கியது.