ப்ரீதர் பைப்பைக் கழற்றி வெளியே விடும் முன்

சர்வீஸுக்கு விட்ட புல்லட்டின் ஏர் ஃபில்டர் பாக்ஸைத் திறந்தால், சில வண்டிகளில் அடியில் கறுப்பு ஆயில் தேங்கி நிற்கும். காகித ஃபில்டரின் கீழ்ப்பாதி நனைந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பார்த்தவுடனே பட்டறையில் ஒரு யோசனை வரும். "இந்த ப்ரீதர் பைப்பைக் கழற்றிக் கீழ விட்டுடலாம்ணே, இனிமே ஃபில்டர் நனையாது." ஒரு முழம் டியூப், பாக்ஸில் இருக்கும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி, வேலை முடிந்தது. செலவு சொற்பம் என்பதால் வண்டிக்காரரும் சரி என்றுவிடுவார். அந்தச் 'சரி'க்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஏறக்குறைய 350 சிசி இடம் குறைகிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது இது நொடிக்கு 50 முறை நடக்கிறது. போதாததற்கு, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாக எரிந்த வாயுவும் எரியாத பெட்ரோல் ஆவியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிகின்றன. இத்தனையும் வெளியேற ஒரு வழி வேண்டும். இல்லையென்றால் ஆயில் சீலையும் கேஸ்கெட்டையும் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அந்த வழிதான் ப்ரீதர். அதில் ஆயில் துளிகளும் ஆவியாகக் கலந்து வருவதால், பைப்பை ஃபில்டர் பாக்ஸுக்குக் கொண்டுபோய் இணைத்திருக்கிறார்கள். ஆவி மறுபடி என்ஜினுக்குள் போய் எரிந்துவிடும், ஆயில் மட்டும் பாக்ஸின் அடியில் தங்கும்.

ஒரு காலத்தில் எல்லா வண்டிகளிலும் இதைச் சாலையில்தான் விட்டார்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அந்தக் காலக் கார்களில், மொத்த ஹைட்ரோகார்பன் மாசில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வராமல் கிராங்க்கேஸ் வழியாகவே வந்தது. புகைமூட்டத்தில் திணறிய கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து இந்த ஆவியைத் திருப்பி என்ஜினுக்குள் விடும் ஏற்பாடு வந்தது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதற்கும் அது பரவியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் பிஎஸ்-6 விதிகளின்படி, ஒரு மாடலுக்கு ஒப்புதல் தரும்போதே கிராங்க்கேஸ் வாயு வெளியே போகவில்லை என்பதையும் சோதிக்கிறார்கள். ஆக, அந்த ரப்பர் பைப் வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டில் ஒரு பாகம்.

அப்படியென்றால் ஃபில்டர் ஏன் இவ்வளவு நனைகிறது? முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் அளவை. வண்டிப் புத்தகத்தில் இருக்கும் மொத்தக் கொள்ளளவு, காய்ந்த புது என்ஜினுக்கு உரியது. ஆயில் மாற்றும்போது பழையது முழுவதும் வடிவதில்லை. மூலைமுடுக்குகளில் கொஞ்சம் தங்கிவிடும். மொத்தக் கணக்கைப் பார்த்து டப்பாவைக் கவிழ்த்தால், தங்கியதும் ஊற்றியதும் சேர்ந்து அளவு மிஞ்சுகிறது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி அளவு பார்த்தாலும் இதே தவறுதான் நடக்கும். மிஞ்சிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்க, அந்த நுரை ப்ரீதர் வழியாக வெளியேறுகிறது. வேகமாக நெடுந்தூரம் போய்வந்த பிறகு பாக்ஸில் ஆயில் கூடுதலாக இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வண்டியைச் சற்று ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சில நிமிடம் கழித்து, என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிச் சாளரத்தைக் குனிந்து பாருங்கள். ஆயில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கண்ணாடி முழுக்க நிறைந்து மட்டமே தெரியவில்லை என்றால் அளவு மிஞ்சியிருக்கிறது. அதை வடித்துச் சரி செய்து, பாக்ஸைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர் பாக்ஸின் அடியில் பல வண்டிகளில் ஒரு சின்ன வடிகால் டியூப், முனையில் அடைப்பானோடு இருக்கும். தேங்கிய ஆயிலை வடிப்பதற்காகவே வைத்தது அது. ஆனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அளவு சரியாக இருந்தும் ஆயில் வந்துகொண்டே இருந்தால், ரிங் தேய்ந்திருக்கலாம், சிலிண்டரில் கோடு விழுந்திருக்கலாம், ப்ரீதர் வழியே அடைபட்டிருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்தால் ரிங், சிலிண்டர் கோளாறு பெரும்பாலும் தெரிந்துவிடும். பைப்பைத் திருப்பிவிட்டால் எனக்கு உள்ள பெரிய கவலை இதுதான்: நோயின் அறிகுறி கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஃபில்டர் காய்ந்திருப்பதைப் பார்த்து வண்டிக்காரர் நிம்மதியாகிவிடுவார். உள்ளே ரிங் தேய்ந்துகொண்டே போகும், ஆயில் குறைந்துகொண்டே வரும்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. தொங்கும் டியூப்பின் முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு முன்னால்தான். அங்கிருந்து சொட்டும் ஆயில் காற்றில் பின்னோக்கிச் சிதறி டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் படியும். வளைவில் சாயும் நேரத்தில் டயரின் ஓரத்தில் ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வரும் ஸ்கூட்டிக்காரருக்கும் அதே சாலைதான். சூடான சைலன்சரில் பட்டால் புகையும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ப்ரீதர் காற்றை வெளியே தள்ளுவதோடு நிற்காது, உள்ளேயும் இழுக்கும். பிஸ்டன் மேலே ஏறும்போதும், நிறுத்திய என்ஜின் ஆறும்போதும் உறிஞ்சும். முழங்கால் தண்ணீரில் டியூப்பின் முனை மூழ்கியிருந்தால் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பு உண்டு. வெயில் காலத்தில் அதே வழியில் தூசி போகும். இதைவிட மோசம், சொட்டுவது பிடிக்காமல் முனையை அடைத்துவிடுவது. அப்போது அழுத்தம் சீல்களைத் தேடிப் போகும்.

சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ(4) பிரிவு, அனுமதி இல்லாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மாசுத் தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190(2) பிரிவு வரும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கவும் தகுதி போகும்.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட் கிடைத்துவிட்டதே" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையில் வண்டியை ஐடிலில் வைத்து சைலன்சர் முனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். கீழே தொங்கும் டியூப்பில் அளக்கும் கருவியின் குழாயை யாரும் வைப்பதில்லை. சர்டிஃபிகேட் கையில் இருப்பது இந்த மாற்றத்துக்கு அனுமதி ஆகாது. வாரண்டியும் இதில் சிக்கும். நிறுவனம் அனுமதிக்காத மாற்றத்தால் வந்த கோளாறுக்குப் பொறுப்பில்லை என்பது வழக்கமான நிபந்தனை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றமும் சொந்தச் சேதக் கோரிக்கையில் தகராறுக்கு இடம் தரும்.

இனி உங்கள் உரிமை. ஆயில் அளவை மிஞ்ச ஊற்றியது சர்வீஸ் சென்டர் என்றால், ஃபில்டருக்கும் அதனால் கெட்ட பாகங்களுக்கும் நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, சேவையில் வரும் குறையோடு, உங்களுக்குத் தெரிய வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆகவே வண்டியை விடும்போதே "ஏர் பாக்ஸில் ஆயில் வருகிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "இந்த மாடலுக்கு இது சகஜம் சார்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். சகஜம் என்றால் அதையே எழுதித் தரட்டும். பைப்பைக் கழற்றலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்து வந்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள். உங்களுக்கான பதில் அந்தத் தயக்கத்திலேயே இருக்கிறது. சாளரத்தில் தெரியும் ஆயில் மட்டம், நனைந்த ஃபில்டர், கிலோமீட்டர் மீட்டர் மூன்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பாகத்தின் குறையை ஆய்வகத்தில் சோதிக்க உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. ஒரே மாடலில் பலருக்கும் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் மத்திய அரசுக்கு வழி இருக்கிறது.

ஏற்கெனவே டியூப்பை வெளியே விட்டிருப்பவர்கள், அதை மறுபடி ஃபில்டர் பாக்ஸில் மாட்டச் சொல்லுங்கள். பழைய ஓட்டையை மூடிய ரப்பரை எடுத்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆயில் பிடிக்கும் டப்பா வைத்தே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், டப்பாவிலிருந்து ஆவி திரும்ப பாக்ஸுக்கே போகும்படி மூடிய சுற்றாக இருக்க வேண்டும். அதையும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்ட பிறகே செய்யுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். கையில் பட்டதைப் பெட்ரோலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.